மேனித்தாய்

வெள்ளூரணியில் தங்கமாரிக்குக் கிடைத்த மரியாதை வேறு யாருக்கும் கிடைத்ததில்லை. கோயில் கொடையா, பள்ளிக்கூட ஆண்டுவிழாவா, பட்டாசு ஆலையில் ஆயுத பூசையா, எங்கே மேடை போட்டாலும் அவளுக்கு அதில் ஒரு நாற்காலி உண்டு. ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்லி அழைத்துப் பொன்னாடை போர்த்துவார்கள். போர்த்துகிறவர் துண்டின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு, ஒரு முழம் தள்ளி நின்று, அவள் தோளில் தன் விரல் படாமல் லாவகமாக விடுவார். அந்த லாவகம் ஊரில் எல்லோருக்கும் கைவந்திருந்தது. பந்தியில் அவளுக்குத் தனி மேசை. முதல் இலையும் அவளுக்குத்தான். பக்கத்து நாற்காலி மட்டும் காலியாகவே கிடக்கும். கேட்டால், பெரிய மனுஷிக்குச் சமதையாக நாங்கள் எப்படி உட்காருவது என்பார்கள். பேசத் தெரிந்த ஊர்.

தங்கமாரிக்குச் சொரியாசிஸ். கல்லூரிக்குப் போகிற வயதில் முழங்கையில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவந்து தடித்தது. பிறகு முதுகு, கால், தலை என்று இஷ்டத்துக்குப் பரவியது. காலையில் படுக்கையை உதறினால் வெள்ளை வெள்ளையாகச் செதில் கொட்டும். மாத்திரை, களிம்பு, வேப்பெண்ணெய், பத்தியச் சாப்பாடு என்று எதையும் அவள் விட்டு வைக்கவில்லை. காலண்டர் அச்சகத்தில் தேதித் தாள் அடுக்கும் வேலைக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போய் வந்தாள்.

இப்படிப்பட்டவள் மேடை ஏறக் காரணம் டாக்டர் ஜெயசீலி. சாத்தூருக்குத் தெற்கே, பட்டாசை நம்பியே வாழும் அந்த ஊரில் தீப்புண் மருத்துவமனையைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். தங்கமாரியின் ரத்தத்தைச் சோதித்துவிட்டு அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து விளக்கினார்.

"எல்லாருக்கும் தோலுல ஒரு அடுக்கு முளைச்சு மேல வர ஒரு மாசம் ஆகும் மாரி. உனக்கு நாலு நாள்ல வந்துருது. வந்த வேகத்துல உதிர்ந்தும் போகுது. உன் ரத்தத்துல ஒரு நொதி, என்சைம்னு சொல்வாங்களே அது, அளவுக்கு மேல ஓடுது. அதுதான் உன் தோலைப் போட்டு விரட்டுது. உன் உடம்புக்கு அந்த அவசரம் தேவையில்லை. ஆனா வெந்து போய்க் கிடக்கிறவங்களுக்கு அந்த அவசரம்தான் உயிரு."

அந்த நொதிக்கு முடுக்கி என்று பெயர் வைத்திருந்தார்கள். தங்கமாரியின் கையில் ஊசி ஏற்றி, ரத்தத்தை ஒரு இயந்திரத்தில் சுற்றவிட்டு, முடுக்கியை மட்டும் வடித்துக்கொண்டு ரத்தத்தை அவள் உடம்புக்கே திருப்பி அனுப்புவார்கள். பையில் சேர்வது நல்லெண்ணெய் நிறத்தில் இருக்கும். அதைச் சுடச்சுட, வெந்தவரின் உடம்பில் ஏற்ற வேண்டும். கொஞ்ச நேரம் தாமதித்தால் பால் திரிவதுபோல் திரிந்துவிடும் என்பதால் சேமிக்கவும் முடியாது, வெளியூரிலிருந்து வரவழைக்கவும் முடியாது. மூன்று தடவை ஏற்றினால் போதும், பிழைக்கவே மாட்டார் என்று கைவிட்ட ஆளுக்கும் பத்துப் பதினைந்து நாளில் சொந்தத் தோல் முளைத்து மூடிவிடும்.

ஊர் சும்மா இருக்குமா? உடனே முறை வைத்துவிட்டது. முடுக்கி கொடுத்தவள் மேனித்தாய். வாங்கிப் பிழைத்தவர் மேனிப்பிள்ளை. பிழைத்த வருஷம் ஆடி மாதத்தில் மேனித்தாய்க்குச் சேலையும் வளையலும் பழத்தட்டுமாகச் சீர் கொண்டு வர வேண்டும். ஒரே ஆளிடம் வாங்கிய இரண்டு பேர் அண்ணன் தங்கை முறையாகிவிடுவார்கள், கலியாணம் கட்டக்கூடாது. தாம்பூலம் மாற்றிய ஒரு சம்பந்தமே இதனால் நின்றுபோயிற்று. பையனுக்கும் பெண்ணுக்கும் ஏறியிருந்தது தங்கமாரியின் முடுக்கி. சாதி பார்த்தோம், சாதகம் பார்த்தோம், தோலைப் பார்க்காமல் விட்டோமே என்று பெண்ணைப் பெற்றவர் தலையில் அடித்துக்கொண்டார்.

இத்தனை முறை வைத்தும், எந்த மேனிப்பிள்ளையும் இரண்டாம் வருஷம் அவள் வாசலை மிதித்ததில்லை. காரியம் முடிந்தது, கழன்றுகொண்டார்கள் என்றுதான் தங்கமாரி எண்ணினாள். வருத்தம் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு அடக்கி ஊசி வந்தது. ஒரே ஊசி. போட்டுக்கொண்டால் ஈரல் அந்த நொதியைச் சுரப்பதை அடியோடு நிறுத்திவிடும், இரண்டு மாதத்தில் தோல் துடைத்து விட்டதுபோல் ஆகிவிடும். நோயாளிகளுக்கு விடுதலை. வெள்ளூரணியில் முடுக்கி கொடுத்து வந்த மற்ற நோயாளிகளெல்லாம் டாக்டருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மதுரைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார்கள். யாரைக் குற்றம் சொல்ல? மிஞ்சியது தங்கமாரி ஒருத்திதான்.

அவளும் முதல் ஆளாக ஓடியிருப்பாள். அவள் கணவன் வனராஜ் அதே மருத்துவமனையில் தீப்புண் வார்டு நர்ஸ். அவன்தான் அவள் ரத்தத்தைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவை வாங்கிக்கொண்டு வந்து, அவளுடைய ஈரல் அந்த ஊசியைத் தாங்காதாம் என்று முகம் வாடிச் சொன்னான். அன்று முழுக்க அழுதாள். மறுநாள் எழுந்து வேலைக்குப் போனாள்.

வனராஜைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நோய் இருப்பது தெரிந்தே அவளைக் கட்டினவன். தாலி கட்டின அன்றைக்குத் தேரடியிலிருந்து வீடு வரைக்கும் அவள் கையைப் பிடித்தபடியே நடத்திக் கூட்டி வந்தவன். மாத்திரை சாப்பிட்ட காலத்தில் பிள்ளை வேண்டாம் என்று தள்ளிப் போட்டு, கடைசியில் பிள்ளை இல்லாமலே போயிற்று. அதற்கும் அவன் ஒரு சொல் சொன்னதில்லை. இந்த உலகத்தில் அவளைத் தொட்டுப் பேசுகிற ஒரே ஆள் அவன்தான்.

தை மாதம் வனராஜின் தங்கை பூரணத்தின் மகள் பெரியவளானாள். சடங்குக்குத் தாய்மாமன் ஓலையில் குச்சுக் கட்ட வேண்டும், மாமன் பெண்டாட்டி முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும். தங்கமாரி குத்துவிளக்கும் வெள்ளிக் கொலுசும் பட்டுப்பாவாடையும் தேடித் தேடி வாங்கினாள். மண்டபத்துக்குப் போனதும் பூரணம் வாயெல்லாம் பல்லாக வந்து, "மதினி, நீங்க மேடையில உக்காந்து ஆசீர்வாதம் பண்ணுங்க. தண்ணி ஊத்துறதை எங்க சின்ன மதினி பாத்துக்கிடும்" என்றாள்.

தங்கமாரியும் சிரித்துக்கொண்டே போய் மேடையில் உட்கார்ந்தாள். மணைப் பலகையில் இருந்த சிறுமி ஒரு தடவை நிமிர்ந்து அத்தையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது. யார் யாரோ வந்து அந்தத் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, தங்கமாரி வாய்விட்டு அழுதாள். மேடையும் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம், ஒரு பிள்ளையின் தலையைத் தொட அனுமதிக்கிற தோல் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

அதற்குச் சில நாள் கழித்து, முடி கொட்டுகிறது என்று புலம்பிய அச்சகத் தோழி ஒருத்திக்குத் துணையாக மதுரையில் ஒரு தோல் மருத்துவரிடம் போனாள். போனவள் சும்மா இருக்காமல் தன் கையையும் காட்டினாள். இன்னும் ஊசி போடவில்லையா என்று அவர் ஆச்சரியப்பட்டார். ஈரல் கதையைச் சொன்னாள். அங்கேயே சோதித்துப் பார்த்துவிட்டு, ஈரலுக்கு ஒரு குறையும் இல்லை, எப்போதுமே இருந்ததாகத் தெரியவில்லை என்றார்.

திரும்பி வரும்போது பேருந்தில் தோழி ஏதேதோ பேசினாள். தங்கமாரி காதில் ஒன்றும் ஏறவில்லை. வனராஜ் பொய் சொல்லியிருக்கிறான். அவள் நோயோடு இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறான். வீட்டுக்குப் போய்ச் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவான், அதற்குப் பிறகு அவன் தொட்டால் எதற்காகத் தொடுகிறான் என்று யோசிக்க வேண்டி வரும். அந்தப் பயம் அவள் வாயைக் கட்டிப் போட்டது.

மாசியில் ஒருநாள், இருக்கன்குடிக்குப் போய் உப்பும் மிளகும் காணிக்கை போட்டுவிட்டு வருகிறேன் என்றாள். வனராஜ் பேருந்து நிலையம் வரை கொண்டுவந்து விட்டான். அவள் மதுரைப் பேருந்தில் ஏறிப் போய் அடக்கி ஊசியைப் போட்டுக்கொண்டாள்.

குற்ற உணர்ச்சி இல்லாமல் இல்லை. ஆனால் பழைய காலம் போல இப்போது விபத்து நடப்பதில்லை. மருந்து கலக்குவதும் திரி செருகுவதும் இயந்திரக் கைகள்தான். வார்டே பாதிநாள் காலியாகக் கிடக்கிறது என்று வனராஜே சொல்வான். அதைச் சொல்லித்தான் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். பங்குனி முடிவதற்குள் தடிப்புகளின் ஓரம் மெலியத் தொடங்கியது. முழங்கையைத் தடவிப் பார்த்த வனராஜ், இந்த வருஷ வெயில் உனக்கு ஒத்துக்கொண்டது என்று சந்தோஷப்பட்டான். அந்தச் சந்தோஷம் உண்மையாகவே இருந்தது. அவளுக்குத்தான் குழப்பமாக இருந்தது.

சித்திரை வெயிலில், மேற்கே ஒரு ஆலையில் வெடிமருந்து அடுக்கி வைக்கும் கிட்டங்கி வெடித்தது. உள்ளே இயந்திரங்கள் மட்டும்தான் இருந்தன. ஆனால் வெளியே மரத்தடியில் கூட்டுகிற வேலை பார்க்கும் கனகு என்ற பெண் சோற்று வாளியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் தப்பியது. கழுத்துக்குக் கீழே தப்பவில்லை.

வனராஜ் அச்சகத்துக்கே வந்துவிட்டான். தாள் அடுக்கிக்கொண்டிருந்தவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினான். வழியெல்லாம் அவன் கனகைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். இரண்டு பெண் பிள்ளைகளாம், சின்னதுக்கு இன்னும் பேச்சே சரியாக வரவில்லையாம். தங்கமாரி வண்டியை நிறுத்தச் சொல்லி உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று தெரு வரைக்கும் நினைத்தாள். மருத்துவமனை வந்துவிட்டது.

வாசலில் கனகின் தாய் இவளைக் கண்டதும் தரையில் விழுந்தாள். அந்த நிலைமையிலும் காலைத் தொடவில்லை, தரையைத்தான் தொட்டாள். தங்கமாரி உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். இயந்திரம் ஓடத் தொடங்கியது. பையில் நீர் சேர்ந்தது, நிறம் சேரவில்லை. கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. டாக்டர் ஜெயசீலி பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சட்டைக் கையை மேலே தள்ளி முழங்கையைப் பார்த்தார். மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, எப்போது போட்டாய் என்று கேட்டார்.

மாசியில் என்றாள் தங்கமாரி.

வனராஜ் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இயந்திரத்தை நிறுத்தி, அவள் கையிலிருந்து ஊசியை உருவி, பஞ்சு வைத்து அழுத்தினான். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "வைரமணியக் கூப்பிடுங்க" என்றான்.

"வேண்டாம் வனராஜ்."

"வேற யாரு இருக்கா?"

டாக்டர் தொலைபேசியை எடுத்தார்.

வைரமணி யாரென்று தங்கமாரிக்குத் தெரியும். பூச்சட்டிப் பட்டாசு வெடித்ததில் வெந்து, இவள் முடுக்கியால் பிழைத்த பெண். முதல் ஆடிக்குத் தாய் தகப்பனோடு வந்து, கத்தரிப்பூ நிறத்தில் சேலை கொடுத்து, கூச்சத்தோடு அம்மா என்று கூப்பிட முயன்று அக்கா என்று கூப்பிட்டுவிட்டுப் போனவள். அதோடு வரவில்லை. அவளை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினாள் வைரமணி. அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை, கழுத்து வரை சுற்றிய துப்பட்டா. அந்த உடுப்பைப் பார்த்ததுமே தங்கமாரி தன் சட்டைக் கையைப் பார்த்துக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்து வைரமணி சட்டைக் கையை மடக்கினாள். சிவந்த தடிப்பும், மேலே வெள்ளைச் செதிலும். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இருபது வருஷம் குளியலறைக் கண்ணாடியில் பார்த்த தோலை அவளுக்கு அடையாளம் தெரியாதா?

வைரமணியின் பை நல்லெண்ணெய் நிறத்தில் நிறைந்தது.

தங்கமாரி வனராஜைப் பின்கட்டுக்கு, ஆக்சிஜன் உருளைகள் அடுக்கியிருந்த கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே வைத்துக் கேட்டாள். அவனும் மறைக்கவில்லை. முடுக்கி வாங்கி முளைத்த தோல் அந்த வேகத்துக்கே பழகிவிடுகிறது. ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்தில் அந்த உடம்பே முடுக்கியைச் சுரக்க ஆரம்பித்துவிடுகிறது. பாதிப் பேருக்கு மேல் வந்துவிட்டது. இரண்டாம் ஆடிக்கு அவர்கள் அவள் வாசலுக்கு வராததும் அந்தத் தோலை மறைக்கத்தான். பட்டாசு மருந்து தோலில் தங்கிப்போனதால் வருகிறது என்று சொல்லி அவர்களை அனுப்பி வைத்திருக்கிறார்கள். உண்மை தெரிந்தால் யாரும் கொடுக்கவும் மாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள் என்று பயம்.

"அப்ப அவங்களுக்கும் ஊசி போட வேண்டியதுதான?"

"போட முடியாது மாரி. அவங்க தோலே அந்த நொதியிலதான் நிக்குது. அடக்குனா மொத்தமா கழண்டுரும். இப்பிடி வடிச்சுக் குடுத்தாலும் ஒவ்வொரு தடவையும் அவங்க தோலு கொஞ்சம் நைஞ்சுதான் போகும். உனக்கு அது மிச்சம். அவங்களுக்கு அதுதான் கைமுதல்."

"அதுக்குத்தான் என் ஈரல் கெட்டுப்போச்சாக்கும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நீ குடுக்குற வரைக்கும் அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட வேண்டியதில்லைன்னு நெனச்சேன்" என்றான்.

தங்கமாரிக்குக் கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வந்தது அழுகைதான். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? இதான் விசயம், இப்பிடியே இருந்துருன்னு கேட்டிருந்தா நான் இருந்திருப்பேங்க. சத்தியமா இருந்திருப்பேன்."

"நீ முடியாதுன்னு சொல்லிருந்தா நான் என்ன செய்வேன்? அந்தப் பயந்தான்."

அவளும் அப்படிப் பதிலுக்குப் பயந்துதான் அவனிடம் கேட்காமல் இருந்தாள். உருளைகளுக்கு நடுவே இரண்டு பேரும் நின்றார்கள். அவன் வழக்கம்போல் அவள் கண்ணைத் துடைக்கக் கையை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டான். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவளைத் தொட யோசித்தான்.

மறுநாள் இரண்டாம் தடவை ஏற்ற வேண்டும். தங்கமாரி காலையிலேயே போய்விட்டாள். இயந்திர அறைக்கு வெளியே வைரமணி தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இரண்டு நாற்காலியும் காலி. தங்கமாரி போய் ஒட்டி உட்கார்ந்தாள். வைரமணி இவளுடைய முழங்கையையே பார்த்தாள்.

"உங்களுக்குப் போயிருச்சேக்கா. எனக்கும் அந்த ஊசி போடலாமான்னு டாக்டரம்மாகிட்ட கேக்கணும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கார்த்திகை வரைக்கும் பாப்பாங்களாம்."

ஆமாம், போய்விடும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நாள் சுமுகமாகக் கழிந்திருக்கும். வனராஜ் இத்தனை வருஷம் எப்படிப் பொய் சொன்னான் என்று தங்கமாரிக்கு அந்த நிமிஷம் நன்றாகவே புரிந்தது. பொய்தான் எவ்வளவு சுலபமாக வாய்க்கு வருகிறது! ஆனால் அவள் சொன்னாள். பட்டாசு மருந்தால் வந்ததில்லை என்பதிலிருந்து, ஊசி போட முடியாது என்பது வரை எல்லாவற்றையும் சொன்னாள். கொடுக்கக் கொடுக்கத் தோல் நைந்துபோகும் என்பதையும் விடவில்லை. "என்கிட்டயிருந்துதான் உனக்கு வந்துச்சு தாயி" என்றாள் கடைசியில்.

வைரமணி அழவில்லை. துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். பிறகு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடந்த கனகைக் காட்டி, "அப்ப நான் குடுத்தா அவங்களுக்கும் வரும்" என்றாள்.

"பாதிக்குப் பாதி வரும்."

"நேத்துக் குடுத்தது?"

அதை டாக்டரிடம் போய்க் கேட்டார்கள். டாக்டர் ஜெயசீலி முதலில் தங்கமாரியைத்தான் முறைத்தார். பிறகு நாற்காலியில் தளர்ந்து உட்கார்ந்து, ஒரு பையோடு நிறுத்தினால் நோய் வராது, உயிரும் நிற்காது என்றார்.

"அவங்களக் கேட்டுட்டு வாங்கக்கா. சரின்னு சொன்னா குடுக்கேன்" என்றாள் வைரமணி.

இந்த நிலைமையில் கிடக்கிறவளிடம் கேட்பதா என்று டாக்டர் தடுத்தார். நன்றாக இருந்த என்னிடம் கேட்டீர்களா என்று தங்கமாரி திருப்பிக் கேட்டதும் அவர் வழியை விட்டார். கையைக் கழுவி, பச்சை அங்கி மாட்டி, தங்கமாரி உள்ளே போனாள். இத்தனை வருஷம் கொடுத்தவள், வாங்குகிற ஒருத்தியைப் படுக்கைக்குப் பக்கத்தில் போய்ப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

கனகு விழித்துத்தான் இருந்தாள். தங்கமாரி குனிந்து, சுருக்கமாக, ஒளிக்காமல் சொன்னாள். பிழைக்கலாம். ஆனால் பாதிக்குப் பாதி, தோல் தடித்துச் செதில் செதிலாக வரும், வந்தால் தீராது, மருந்து கிடையாது. ஊர் தள்ளி உட்காரும். சம்மதமா?

கனகு கண்ணை மூடினாள். நீர் காதுப் பக்கம் வழிந்தது. வலியினாலா, கேட்டதினாலா என்று தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்து, "புள்ளைகளத் தூக்கலாமா?" என்று கேட்டாள். காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை.

"தூக்கலாம். தொட்டா ஒட்டாது."

"அதுக வருமா?"

தங்கமாரிக்குச் சடங்கு வீட்டுச் சிறுமியின் குனிந்த தலை கண்முன் வந்தது. "அது தெரியாது தாயி. அதுகளாப் பாத்து வரணும்" என்றாள்.

கனகு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மூச்சு ஏறி ஏறி இறங்கியது. அவசரப்படுத்தக்கூடாது என்று தங்கமாரி நின்றுகொண்டே இருந்தாள்.

"குடுக்கச் சொல்லுங்க" என்றாள் கனகு கடைசியில்.

வெளியே வந்தபோது வைரமணி இயந்திரத்தின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வனராஜ் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நின்றான். கேட்டாச்சு, கொடுக்கச் சொல்கிறாள் என்று தங்கமாரி சொன்னாள். வைரமணி தலையை ஆட்டிவிட்டுச் சட்டைக் கையை மடிப்பு மடிப்பாக மேலே சுருட்டினாள்.

"என்னைய அன்னைக்கு யாராச்சும் கேட்டிருந்தா, வேண்டாம்னுதான்க்கா சொல்லிருப்பேன்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கையை வனராஜிடம் நீட்டினாள்.